மூலையில் வெட்டிய வாய்க்கால்

லெஸ் கோபம் வந்தால் கத்துகிறவர். சிட்னிப் பெரிய மைதானத்தில் புல்லுக்கும் மண்ணுக்கும் அவர்தான் அதிகாரி. புல்லின் மேல் சிகரெட் கட்டையைப் போட்ட ஒருவனை அவர் ஏசியது வெளியே பஸ் தரிப்பு வரை கேட்டது. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை அவர் கத்தவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, மைதானத்தின் மூலையில், நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அவருடைய காலடியில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

நல்ல வாய்க்கால். நூல் பிடித்ததுபோல் நேராக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அகலத்தில், கரை இரண்டும் சாய்வாகச் சீவி. எங்கள் ஊர் வெங்காயத் தோட்டத்தில் இப்படி ஒன்றைக் கண்டால், வெட்டியவன் யார் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆனால் இது வெட்டப்பட்டிருந்தது அவுஸ்திரேலியாவின் தேசிய ரக்பி அணி அன்று பின்னேரம் விளையாட இருந்த தரையில்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மயில்வாகனம் அண்ணை நின்றார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, வெறுங்காலோடு, கையில் மண்வெட்டியோடு. தூரத்தில் என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"வடிஞ்சிட்டுது தம்பி. வந்து பார்."

லெஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மயில்வாகனம் அண்ணையை அந்த வேலைக்குக் கூட்டி வந்தவன் நான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது

பிள்ளைகளே, உங்கள் அம்மா நேர்ஸ் என்றபடியால் அவவுக்குத்தான் இந்த நாட்டுக்கு வர விசா கிடைத்தது என்று முன்னமே எழுதியிருக்கிறேன். நான் அவவோடு கூட வந்தவன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்? நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு கிழவி. தன் மருமகன் வேலை செய்கிற மைதானத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று அவதான் சொன்னா. போனேன். லெஸ் என் பெயரைக் கேட்டார். தேவராசா என்றேன். "டேவ்" என்றார். அன்று தொடக்கம் அங்கே நான் டேவ்.

அது கோடையில் கிரிக்கெட்டுக்கும் குளிர்காலத்தில் ரக்பிக்கும் பயன்பட்ட மைதானம். பச்சைத் தகரக் கூரை போட்ட பழைய கட்டடங்கள் ஒரு பக்கம். மற்றப் பக்கம் புல்மேடு. காசு குறைந்த சனம் அந்த மேட்டில் இருந்து பியர் குடித்துக்கொண்டு பார்க்கும். மைதானத்தின் நடுவில் கிரிக்கெட்டுக்காகப் போட்ட கரிய களிமண். வெயிலில் அது சீமெந்து. மழையில் சவர்க்காரம்.

உங்களில் சின்னவனுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ரக்பி இரண்டு வகை. பதின்மூன்று பேர் விளையாடுவது ஒன்று, பதினைந்து பேர் விளையாடுவது ஒன்று. பதினைந்து பேர் ரக்பியில் அந்தக் காலம் விளையாடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. நாட்டுக்காக விளையாடுகிறவன் வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கேயோ வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை வந்து சேற்றில் விழுந்து எழும்பிவிட்டு, திங்கட்கிழமை திரும்பவும் வேலைக்குப் போவான்.

இதை நான் சொன்னபோது மயில்வாகனம் அண்ணை நம்பவில்லை.

"சும்மாவோ விளையாடுறாங்கள்?"

"ஓம் அண்ணை."

"கால் கை முறிஞ்சால்?"

முறிந்தால் முறிந்ததுதான், வீட்டில் படுத்திருக்க வேண்டியதுதான் என்றேன். அவர், அப்படியென்றால் இவர்களுக்கு விசர்தான் என்று முடிவு சொன்னார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நான் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில், முப்பது பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இழுபட்டதைக் கண்டு, இனிப் பொலிஸ் வரும் என்று காத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு பியர் குடிக்கப் போனார்கள். எங்கள் ஊரில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தொடங்கிய கதையில், இரண்டு குறிச்சிக்காரர் மூன்று வருடம் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போகாமல் இருந்தார்கள். பந்தை உதைத்தவனுடைய கல்யாணத்துக்கு அவனுடைய தாய்மாமனே வரவில்லை. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த மனிதர்களை விளங்கவே நாள் எடுத்தது.

மயில்வாகனம் அண்ணை

அவர் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஊரில் ஒரு தபால் கந்தோரில் கிளாக்கர். ஆனால் காலையிலும் மாலையிலும் தோட்டத்தில்தான் நிற்பார். தபால் முத்திரையைக் காட்டிலும் மண்வெட்டிதான் அவர் கைக்குப் பழக்கம். மெல்பேர்ணில், கிளேட்டனில், என்ஜினியராக இருந்த தம்பி அவரைக் கூப்பிட்டு எடுத்தான். தம்பியின் வீட்டில் எட்டு மாதம் இருந்தார். தம்பியின் மனைவி ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாமல் இருந்ததே தனக்குப் போதுமாக இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு ரயில் ஏறிச் சிட்னிக்கு வந்துவிட்டார்.

மனைவி பரமேஸ்வரியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் நிரந்தர வேலை காட்ட வேண்டும் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். மைதானத்தில் அவரும் நானும் கசுவல். தேவை என்றால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் இல்லை. அந்தக் குளிர்காலம் முடிய, புல் வேலைக்கு ஒருவரை நிரந்தரமாக எடுப்பார்கள் என்று கதை இருந்தது. எனக்கு அவசரமில்லை, உங்கள் அம்மாவின் சம்பளம் இருந்தது. அவருக்கு அது ஒன்றுதான் வழி.

அவர் சின்ன மகளுக்குக் குளிருக்குப் போடுகிற சப்பாத்து ஒரு சோடி வாங்கி வைத்திருந்தார். வருடம் போகப் போக அது பிள்ளைக்குக் கொள்ளாது என்று அம்மா எடுத்துச் சொல்லி, கடைசியில் அதை உங்கள் அக்காதான் போட்டுத் தேய்த்தாள். அவர் அடுத்த அளவில் இன்னொரு சோடி வாங்கினார்.

லெஸ் அவரை மைல்ஸ் என்று கூப்பிடுவார். அவருடைய வேலை லெஸுக்குப் பிடித்திருந்தது. ஆட்டம் நடக்கிற நாட்களில் மட்டும் அவரை மைதானத்துக்குள் விடுவதில்லை. புல்மேட்டுப் பக்கம் கழிவறையும் குப்பையும் பார்க்க அனுப்பிவிடுவார்கள். அங்கே இருந்து சனத்தின் முதுகுதான் தெரியும். அதனால் அவ்வளவு மாதம் வேலை செய்தும் அவர் ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை. நடந்ததற்குப் பாதிக் காரணம் அது.

மொன்சூன்

அந்தக் கிழமை முழுக்க மழை. சனிக்கிழமை நியூசிலாந்து அணியோடு பெரிய ஆட்டம். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் வந்து ஹொட்டலில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் சாக்கையும் தும்புத்தடியையும் வைத்துக்கொண்டு வெள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம். நடுவில் மரத்தூள் கொட்டினோம். கொட்டக் கொட்ட அதுவும் களியாகிக்கொண்டிருந்தது.

உருளை வண்டி ஓட்டுகிற ஸ்டான் பகிடிக்காரன். ஒவ்வொரு காலையும் கொட்டிலுக்குள் வந்து தொப்பியைப் பிழிந்துகொண்டு, மைல்ஸ், உன்னுடைய மொன்சூன் மழையை வீட்டில் கட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்பான். வியாழக்கிழமை அவன் ஒரு படி மேலே போய், மைல்ஸ் வந்த பிறகுதான் சிட்னியில் இவ்வளவு மழை என்று லெஸுக்கு முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். ஆனால் தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் தமிழில் கேட்டார்.

"உவன் உண்மையாய்த்தான் சொல்லுறானோ?"

பகிடி அண்ணை என்றேன். பகிடியாக இருந்தாலும் அதிகாரிக்கு முன்னால் சொல்லக்கூடாது என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை தூறலாகியது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளம் கணுக்கால் அளவுக்கு நின்றது. லெஸ் அதைக் காட்டி, நாளைக்கு முதல் வேலை அந்த மூலை, வாடகைக்கு ஒரு பம்ப் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். பம்ப் என்றது அண்ணையின் காதில் விழவில்லையோ, விழுந்தும் தேவையில்லை என்று நினைத்தாரோ தெரியாது. முதல் வேலை அந்த மூலை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார்.

புல்லுத்தானே

"ஏன் என்று அவனிடம் கேள், டேவ்." லெஸ் சொன்னது இவ்வளவுதான். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

நான் கேட்டேன். அண்ணைக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"வெள்ளம் நிண்டால் வெட்டி விடுறதுதானே? வேறை என்ன செய்யிறது?"

"புல்லு அண்ணை."

"புல்லுத்தானே தம்பி. முளைக்கும்."

இதை நான் லெஸுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிள்ளைகளே, எங்கள் ஊரில் தோட்டம் செய்கிறவனுக்குப் புல் என்பது களை. விடிந்தால் எழும்பி அதைப் பிடுங்குவதுதான் வேலை. கோரைப்புல்லோடு மல்லுக்கட்டியே எத்தனை பேருக்கு முதுகு வளைந்தது. அப்படிப்பட்ட ஒரு மனிதர், புல்லுக்குப் பசளை போட்டு, நீர் விட்டு, தலைவாரி விடுகிற இடத்துக்கு வேலைக்கு வந்திருந்தார். கூட்டி வந்த நான் அவருக்கு மண்வெட்டி இருக்கிற இடத்தைக் காட்டினேன். இந்தப் புல்தான் இங்கே பயிர் என்று சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பிழையும் இருந்தது. அது பிறகுதான் வெளியே வந்தது. லெஸ் வாய்க்காலுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, கையால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். மூன்று மணிக்கு ஒரு பொடியன் பந்தோடு இங்கே பாய்ந்து விழுவான், அவனுடைய முழங்கால் இதற்குள் போகும் என்றார். நான் சொன்னதும் அண்ணை கம்பங்களைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார்.

"கோட்டுக்கு வெளியாலை எல்லே வெட்டினனான்?"

கால்பந்து பார்த்து வளர்ந்த கண். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பது ஆடுகளம் இல்லை, பந்து பொறுக்குகிற இடம் என்றுதான் அவர் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறார். ரக்பியில் அந்தக் கோட்டைத் தாண்டி, பின்னால் இருக்கிற புல்லில் பந்தை நிலத்தில் அமர்த்தினால்தான் புள்ளி. சனம் முழுக்கப் பார்க்க வருவதே அந்த இடத்தில் நடப்பதைத்தான். அதைச் சொன்னேன்.

அவர் மடித்த காற்சட்டையை மெல்லமாக இறக்கிவிட்டார்.

"உதிலையோ விழுவாங்கள்?"

"ஓம் அண்ணை."

"என்ரை கடவுளே. கால் முறியுமே."

வெட்டிய புல்லை அவர் எறியவில்லை. மண்ணோடு கட்டி கட்டியாக எடுத்துக் கரையோரம் வரிசையாக வைத்திருந்தார். வரம்பு கட்ட உதவும் என்று வைக்கிற பழக்கம். அதனால் அடியில் மணல் போட்டு, கட்டிகளைத் திரும்ப அடுக்கி, பலகை வைத்து மிதித்து இறுக்க முடிந்தது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அதைச் செய்தோம். ஸ்டான்கூட அன்று பகிடி விடவில்லை. முடிந்த பிறகு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை வைத்து அழுத்தினால் ரொட்டிப் பாணைப் போல அமிழ்ந்தது.

மத்தியானம் நடுவரும் இரண்டு அணித் தலைவர்களும் தரையைப் பார்க்க வந்தார்கள். லெஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. நேரே அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், இங்கே வெட்டி மூடியிருக்கிறது, இளகல், கவனம் என்று காட்டினார். நடுவர் குதிக்காலால் அழுத்திப் பார்த்தார். கறுப்புச் சட்டைத் தலைவர் பெரிய உருவம். இதைவிட மோசமான மாட்டுப் பட்டியில் விளையாடியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பின் லெஸ் எங்கள் பக்கம் வந்தார். இந்த மூலையில் ஒருவன் கால் முறித்தால் மைல்ஸுக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லு என்றார். சொன்னேன். அண்ணை தலையாட்டினார். கால் முறிந்தவனுக்கும் வேலை இல்லைத்தானே என்று என்னிடம் சொன்னார்.

வேண்டாத மூலை

எங்கள் இரண்டு பேரையும் லெஸ் அந்த மூலைக்குப் பின்னால், வெள்ளை வேலிக்கு வெளியே, ஒரு வாளி மணலோடு இருத்திவிட்டார். இடையில் புல் கிளம்பினால் ஓடிப்போய் அமர்த்த வேண்டும். இப்படித்தான் மயில்வாகனம் அண்ணை முதன்முதலாக ஒரு முழு ஆட்டம் பார்த்தார். பார்த்தார் என்று சொல்லலாமோ தெரியாது. அவருடைய கண் அந்த மூலையை விட்டு அசையவில்லை.

மேடு நிறையச் சனம். ஈரக் கம்பளியும் பியரும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பையும் கலந்த ஒரு மணம். பந்து சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. கால் மணி நேரத்தில் எந்த அணி எது என்று தெரியாமல் எல்லோரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். முதல் பாதியில் கறுப்புச் சட்டைக்காரர் எங்கள் பக்கம் வந்தார்கள். ஆனால் அவர்கள் நடுவால் தள்ளுகிறவர்கள். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தலையைக் கொடுத்து நெருக்கும்போது, களத்தில் மாடுகள் நெற்சூடு மிதிப்பது போல ஆவி கிளம்பியது. கம்பத்துக்குக் கிட்ட ஒரு முறை கோட்டைத் தாண்டினார்கள். மூலைக்கு ஒருவரும் வரவில்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. இனி இந்த நாட்டு அணி எங்கள் மூலையை நோக்கி ஓட வேண்டும். அவர்கள் புள்ளியில் பின்னுக்கு நின்றார்கள். மைதானம் முழுக்க எழும்பி நின்று, ஓடு ஓடு என்று கத்தியது. அவ்வளவு சனத்திலும், இவர்கள் புள்ளி எடுக்கக்கூடாது, எடுத்தாலும் இந்த மூலையில் எடுக்கக்கூடாது என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"பிள்ளையாரே, அங்காலை மூலைக்கு அனுப்பிவிடு. தேங்காய் உடைக்கிறன்."

"இங்கை தேங்காய் எங்கை அண்ணை வாங்கிறது?"

"அதைப் பிறகு பாப்பம்."

எங்களுக்கு முன்னால் இந்த நாட்டு அணியில் ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரன் நின்றான். மெலிந்த பொடியன், செம்பட்டை முடி. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராம், ஸ்டான் சொன்னது. பந்து அவன் பக்கம் வராததால் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடுங்கினான். அண்ணை வேலியில் சாய்ந்து அவனைக் கூப்பிட்டார். நான் காற்சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சேர், இந்த மூலை நல்லதில்லை, நடுவாலே போங்கோ என்றார்.

பொடியன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு எங்கே பந்து தரப்போகிறார்கள், மேட்" என்றான்.

தந்தார்கள்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவன் விழுந்தான், இன்னொருவன் விழுந்தவனுக்கு மேலால் எறிந்தான், பந்து செம்பட்டைக்காரனின் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் ஓடினான். அந்தச் சேற்றில் மற்றவர்கள் நடக்கவே தவித்தபோது அவன் எப்படி ஓடினானோ. கறுப்புச் சட்டைக்காரர் இருவர் குறுக்கே வந்தார்கள். நடுவால் போக வழி இல்லை. மூலை ஒன்றுதான் திறந்திருந்தது. அண்ணை என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியின் நோவு அடுத்த நாளும் இருந்தது.

அவன் பாய்ந்தான். நாங்கள் அடுக்கிய இடத்துக்கு நேர் மேலே நெஞ்சோடு விழுந்து சறுக்கினான். புல் கட்டிகள் மூன்று நான்கு அவனோடு சேர்ந்து கிளம்பிப் போயின. வேலிக்கு ஒரு முழம் இருக்கும்போது சறுக்கல் நின்றது. முகம் சேற்றில். அசைவில்லை.

மேடு முழுக்கப் பொங்கியது. தொப்பிகள் மேலே போயின. நான் என் கையைப் பார்த்தேன். பிடித்திருந்தவர் அங்கே இல்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர் அந்த வேலியை எப்படிப் பாய்ந்தார் என்று இன்றும் தெரியாது. வைத்தியப் பெட்டிக்காரன் வருவதற்கு முன்னால் அவர் பொடியனுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். கன்றுக்குட்டியின் காலைத் தடவுவது போல, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். நானும் பின்னால் போய்விட்டேன்.

பொடியன் கண்ணைத் திறந்தான். வாயிலிருந்து மண்ணைத் துப்பினான்.

"அமர்த்திவிட்டேனா?" என்று கேட்டான்.

"கால் நோகுதா?" என்று கேட்டார் அண்ணை.

"பந்தை. அமர்த்தினேனா?"

"காலை மடக்கு. மடக்கிக் காட்டு."

அவன் காலை மடக்கினான், நீட்டினான், மற்றக் காலையும் மடக்கினான். அண்ணை அப்படியே பின்பக்கமாகச் சேற்றில் இருந்துவிட்டார். "ஓம்" என்றார். "ஓம், ஓம். வெரி குட்." பொடியன் அதைத் தன் கேள்விக்குப் பதில் என்று எடுத்துக்கொண்டு எழும்பி, இரண்டு கையையும் தூக்கினான்.

நடுவரும் கையைத் தூக்கியிருந்தார். புள்ளி சரி. ஆனால் அதற்குப் பிறகு மேலதிகப் புள்ளிக்காக மூலையிலிருந்து உதைத்தது கம்பத்துக்கு வெளியே போனது. ஆட்டத்தில் வென்றது கறுப்புச் சட்டைக்காரர்தான்.

புல்லுக்கு வெளியே

சனம் போன பிறகு லெஸ் வந்தார். கிளம்பிய கட்டிகளை நாங்கள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"இனி இவன் இந்தப் புல்லில் கால் வைக்கக்கூடாது. இதை அவனுக்குச் சொல்லு."

சொன்னேன். அண்ணை கையிலிருந்த கட்டியை வைத்து, அமர்த்தி, எழும்பி, வேலிக்கு வெளியே போய் நின்றார். பிறகுதான் சப்பாத்தைப் போட்டார். பஸ்ஸால் இறங்கும்போது, பரமேஸ்வரிக்கு என்ன எழுதுவது என்று கேட்டார்.

லெஸ் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. கட்டடங்களையும் புல்மேட்டையும் கூட்டித் துடைக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார். மைதானத்தில் ஆட்களுக்குக் கடைசித் தெரிவு அந்த வேலைதான். ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் போத்தலும் தகரப் பேணியும் இறைச்சிப் பைக் கடதாசியும் மலையாகக் கிடக்கும். ஒரு முறை ஒரு சோடிப் பொய்ப்பல்லும் கிடந்ததாம். புல் வேலையில் நிரந்தர இடம் அந்த வருடம் வேறு ஒருவருக்குப் போனது. அது சரிதான், அவர் கெட்டிக்காரர்.

ஆனால் கூட்டுகிற பகுதியில் ஒருவரும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. அண்ணை நின்றார். அடுத்த குளிர்காலம் வந்தபோது அங்கே பழைய ஆள் அவர்தான். நிரந்தரமாக எடுத்தார்கள். குடிவரவுக் கந்தோருக்கு எந்த வேலை நிரந்தரம் என்பதில் அக்கறை இல்லை.

பரமேஸ்வரி அக்காவும் பிள்ளைகளும் வந்து இறங்கிய அடுத்த கிழமை, ஆட்டம் இல்லாத ஒரு நாள், அவர்களை மைதானம் காட்டக் கூட்டி வந்தார். நானும் நின்றேன். வசந்த காலம் தொடங்கி, புல் வெட்டி, தரை முழுக்க ஒரே பச்சை. அக்கா வேலியில் நின்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரை பார்த்தா.

"இவ்வளவு புல்லையும் வளத்துப்போட்டு ஒரு ஆடு கூட இல்லையே."

லெஸ் கொட்டிலில் இருந்து வந்தார். என்ன சொன்னா என்று கேட்டார். இந்த முறை மொழிபெயர்த்தேன். லெஸ் சிரித்து நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. வேலியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, போங்கள், நடந்து பாருங்கள் என்று பிள்ளைகளுக்குக் கை காட்டினார். பிள்ளைகள் தாயைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் போனா.

அண்ணை கதவடியில் நின்றுவிட்டார்.

"மைல்ஸ், நீயும் போ" என்றார் லெஸ்.

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்." அவர் தமிழிலேயே சொன்னார், என்னைப் பார்த்து. நான் சொன்னேன்.

அது போன வருடம் சொன்னது, அப்போது கோபம் என்றார் லெஸ். அண்ணை கோபமில்லாமல் சிரித்தார். பரவாயில்லை என்பதுபோல் கையைக் காட்டினார். ஆனால் அசையவில்லை. அக்காவின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெள்ளை வேலிக்கு வெளியே நின்றார். லெஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொட்டிலுக்குப் போனார். அதற்குப் பிறகும் அண்ணை பல வருடம் அங்கே வேலை செய்தார். புல்லில் கால் வைத்து நான் காணவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் முழு மைதானத்தையும் சுற்றி நடப்பார்.

அன்றைக்குச் சின்னவள் கம்பங்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த மூலைக்குப் போகாதை. கால் புதையும்."

அவள் அங்கேதான் நின்று துள்ளிக்கொண்டிருந்தாள். தரை கல்லாக இருந்தது.